பிறந்த குறையா, பட்ட குறையா

என் கணவர் சிறைக்குப் போவதா, வீட்டுக்கு வருவதா என்பது ஒரு காலத்தில் ஒரே ஒரு மனிதர் சொல்லப்போகும் வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. அதை நான் மறைத்ததும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே, சந்து திரும்பும் இடத்து மாடி வீட்டில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் தெருவில் இறங்கினால் நான் சன்னலைச் சாத்துவேன். அவர் காதில் விழும்படியாகவே சாத்துவேன்.

அவருக்குக் கோலாலம்பூரில் ஒரு பேங்கில் வேலை. மூட்டை மூட்டையாக வந்து விழும் சில்லறையில் நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரித்துக் கொடுக்க வேண்டும். நோட்டக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கள்ளக் காசு வழக்கு எங்கே நடந்தாலும் போலீஸ்காரர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். நெட்டையாக, ஒடிசலாக இருப்பார். கொளுத்துகிற வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்து வைத்திருப்பார். விரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் காசின் உடம்பு தெரியாதாம். அதற்காக முறுக்கைக்கூடக் காகிதத்தில் மடித்துப் பிடித்துக்கொண்டு கடிக்கிற ஆள். அவர் மனைவி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அந்த அக்காவும் நானும் நல்ல சிநேகிதிகள்.

எதைக் கண்டாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பொறந்த குறையா, பட்ட குறையா?" காசு விஷயத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. ராஜாவின் தங்கசாலையில் காசு அடிக்கும்போதே அச்சு நழுவியோ தகடு மாறியோ கோணலாக வெளியே வந்தது பிறந்த குறை. பார்க்க எப்படி இருந்தாலும் அது நல்ல காசு. வெளியே வந்தபிறகு எவனோ வெட்டியோ தேய்த்தோ முலாம் பூசியோ கெடுத்தது பட்ட குறை. அது குற்றம். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் மனிதர் அதை பேங்கிலேயே வைத்துவிட்டு வந்தால்தானே? பால்காரர் மாடு நொண்டினால் நின்று கேட்பார். சொட்டை விழுந்த செம்பைக் கண்டால் கேட்பார். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை திக்கித் திக்கிப் பேசினார் என்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு அங்கேயும் கேட்டாராம்.

என் மகளுக்கு இடது கண் லேசாக உள்ளே திரும்பும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கோயிலுக்குப் போகிற வழியில் எங்களை நிறுத்தி, அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

"அது காசு இல்ல அண்ணே. புள்ள," என்றேன்.

"பட்ட குறைன்னா டாக்டர்கிட்ட காட்டலாம். அதுக்குத்தான் கேட்டேன்," என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. அன்றிலிருந்துதான் நான் சன்னலைச் சாத்த ஆரம்பித்தேன்.

என்னைப்போல் அவர்மேல் கறுவிக்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர். எங்கள் தெருமுனை டீக்கடைக்காரரைக் கேட்டிருக்க வேண்டும். அவரிடம் ஒரு காசு இருந்தது. இரண்டு பக்கமும் ராஜா தலை. சாமிப் படத்துக்குக் கீழே பூ வைத்து வைத்திருந்தார். குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். போகிற ஒவ்வொருவரும் ஒரு டீ குடிப்பார்கள் என்பதுதான் விஷயம். ஒருநாள் நோட்டக்காரர் டீ குடிக்க வந்தார். என் கணவரும் அங்கே இருந்திருக்கிறார். நோட்டக்காரர் அந்தக் காசைக் கேட்டு வாங்கி, நகத்தால் ஒரு தட்டு தட்டினாராம்.

"தலை அடிக்கிற அச்சு வேற, எண் அடிக்கிற அச்சு வேற. ஒண்ணு இருக்கிற எடத்துல இன்னொண்ணு உக்காராது. தங்கசாலையில இப்படி ஒரு தப்பு நடக்க வழியே இல்ல," என்று சொல்லிவிட்டு, கோட்டுப் பையிலிருந்து ஊசி ஒன்றை எடுத்து விளிம்பின் உள்பக்கமாக ஓட்டியிருக்கிறார். சட்டென்று ஒரு பக்கத்துத் தலை மூடியைப்போல் கழன்று மேசையில் விழுந்ததாம். ஒரு காசை உள்ளே குடைந்து, இன்னொன்றைச் சுற்றிலும் ராவிப் பொருத்திய வேலை அது. டீக்கடைக்காரர் அழாத குறை. நோட்டக்காரர் டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"அந்தாளு பாவம்லா. நல்லா ஓடிக்கிட்டிருந்த யாவாரம்," என்று என் கணவர் அன்று இரவு சாப்பிடும்போது சொன்னார். அவர் இளகிய மனதுக்காரர். யார் முகம் வாடினாலும் பொறுக்க மாட்டார்.

நோட்டக்காரர் சிரித்தும் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை. பேங்க் மூட்டையில் பத்து காசு நாணயம் ஒன்று வந்திருந்தது. ஒரு பக்கம் ராஜா தலை சரியாக இருந்தது. மறுபக்கம் அதே தலை குழிவாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழுந்திருந்தது. முன்னால் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த தகடு அதன்மேல் போய் அமுங்கியதால் வந்த கோலம் அது என்றார். வேறு எவனாவது இடுக்கியில் வைத்து நசுக்கியிருந்தால் மேல்பக்கத்து மூக்கும் காதும் தட்டையாகப் போயிருக்குமாம். தன் காசு ஒன்றைப் போட்டுவிட்டு அதை மாற்றிக்கொண்டு வந்து, வாசலில் நின்ற அக்காவிடமும் என்னிடமும் காட்டினார். பிறந்த குழந்தையைக் காட்டுகிற முகம். நான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா கையால்கூடத் தொடவில்லை.

அக்கா அவரோடு பேசுவதில்லை. சோறு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், கோட்டுக்குக் கஞ்சி போட்டு வைப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். காரணம் அவளுடைய தம்பி.

அந்தத் தம்பி இவர்கள் வீட்டில்தான் வளர்ந்தான். வித்தியாசமான காசுகளைச் சேர்க்கிற வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இருந்தார். தங்கசாலைத் தவறு என்றால் நல்ல விலை கொடுப்பார். தம்பி அவரிடம், ஓரத்தில் பிறை மாதிரி கடித்தெடுத்த ஒரு வெள்ளிக் காசை விற்றுவிட்டான். தகட்டிலேயே அந்த இடம் குறைந்து வந்தது என்று சொல்லியிருக்கிறான். டாக்டருக்குச் சந்தேகம் வந்து போலீசுக்குப் போனார். போலீஸ் காசை யாரிடம் கொண்டுவரும்? மச்சானிடம்தான்.

"தகட்டுலயே குறைஞ்சிருந்தா, அழுத்தம் போதாம அதுக்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பும் மங்கிப் போயிருக்கும். இதுல எதிர்ப்பக்கம் முழுசா இருக்கு. இது ராவினது," என்று சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ராவியது யார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. தன் வீட்டு அரத்தில் வெள்ளித்தூள் ஒட்டியிருப்பதையும் அவரே சொன்னார். தம்பி சிறைக்குப் போனான். வெளியே வந்ததும் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா அன்றைக்கு மூடிய வாய்தான்.

"பாதியில நிறுத்தவே தெரியாத மனுஷன்," என்று அவள் என்னிடம் சொன்னாள். "கேட்டது பாதின்னா மீதியையும் சொல்லிட்டுத்தான் எந்திரிப்பாரு."

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

ரப்பர் விலை தரைக்கு வந்துவிட்ட காலம் அது. வேலையில்லாதவர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் கிள்ளான் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். தினமும் காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். அந்த வருஷம் கிள்ளானிலும் எங்கள் பக்கமும் ஒரு புரட்டுக் காசு புழங்கியது. செம்பில் செய்த அரைக் காசு நாணயத்துக்குப் பாதரசம் தேய்த்து வெள்ளையாக்கினால், அவசரத்தில் பார்ப்பதற்கு வெள்ளியில் செய்த இருபது காசு நாணயம் மாதிரி இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். கூட்டமான கடையில், மங்கிய விளக்கில், இங்கிலீஷ் எழுத்துத் தெரியாதவர்கள் தலையில் கட்டிவிடலாம். என் கணவர் தினமும் டிக்கெட் வசூலைக் கட்டி அனுப்பிய பணப்பையில் இந்தக் காசுகள் மற்ற எவருடைய பையையும்விட அதிகமாக இருந்தன என்று ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். கூட இரண்டு மாத்தா, அதான் கான்ஸ்டபிள்கள். வீட்டைச் சோதனை போட்டார்கள்.

சாமி அலமாரியில் இருந்த ஒரு காசை எடுத்ததும் இன்ஸ்பெக்டருக்கு முகமெல்லாம் பல். அது சிவப்பு நிறச் செம்புக் காசு. ஆனால் அதில் இருபது என்று எழுதியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. செம்பில் இருபது காசை ராஜா அடிப்பதே இல்லை. ஆகவே அதை இந்த வீட்டில் வார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் முலாம் பூசியாகிவிட்டது, மறுபக்கம் பூசுவதற்குள் நாம் வந்துவிட்டோம். அவர் கணக்கு அவ்வளவுதான். என் கணவரை அப்படியே, காலில் செருப்புப் போடக்கூட விடாமல், கிள்ளானுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

அந்தக் காசின் கதையை நான் மாத்தாக்களிடம் கத்திக் கத்திச் சொன்னேன். அது எனக்குப் பாசாரில் மீன் வாங்கியபோது சில்லறையாக வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சிவப்பு. திருப்பிக் கொண்டுபோனேன், மீன்காரன் என்னைப் பார்த்ததே இல்லை என்று சாதித்துவிட்டான். சரி, கிடக்கட்டும் என்று வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் ஈயம் பூசுகிறவர் வந்தார். பித்தளைத் தவலையை நானே புளி போட்டுத் துலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துலக்கிக் கொடுத்தால் கூலி குறைவு. வெறும் பாத்திரத்தை ஒருவர் கையில் கொடுக்கலாமா? ஒரு காசையாவது போட்டுத்தானே கொடுக்க வேண்டும்? எப்படியும் எந்தக் கடையிலும் செல்லாத காசுதானே என்று அந்தச் சிவப்புக் காசைப் போட்டுக் கொடுத்தேன். சிக்கனத்தில் எனக்கு இணை நான்தான்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் அவசர அவசரமாகத் தவலையை நெருப்பில் ஏற்றி, நவச்சாரம் போட்டு, உருகிய ஈயத்தைப் பஞ்சால் தேய்த்துவிட்டார். அடியில் காசு கிடந்ததைப் பார்த்தபோது தொட முடியாத சூடு. "ஒட்டிக்கிச்சும்மா. ஆறினப்பறம் நெம்பி எடுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுக் கூலியோடு போய்விட்டார். கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தேன். மேலே இருந்த பக்கம் ஈயம் ஏறி வெள்ளையாகிவிட்டது. இதுவும் ஒரு அதிர்ஷ்டம் போல என்று சாமி அலமாரியில் வைத்தேன். அந்த அதிர்ஷ்டத்தைத்தான் இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டு போனார். ஈயம் பூசியவரைத் தேடினால், ரவாங் பக்கம் போய்விட்டார் என்றார்கள். அங்கே போய் விசாரித்தவர்கள் அப்படி ஒருவர் வரவே இல்லை என்றார்கள்.

காசு அடித்த குற்றம் நிரூபணமானால் வருஷக்கணக்கில் சிறை. அதற்குப் பிறகு கப்பல். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பெண் குழந்தையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? அந்தக் காசை ஆராய்ந்து சொல்லும்படி நோட்டக்காரரிடம் அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அடுப்பில் இருந்த உலையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் அதைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது நல்ல காசா என்று எனக்கே தெரியாதே! எவனோ ஒரு கள்ளன் வார்த்த காசை மீன்காரன் என் தலையில் கட்டியிருந்தால்? உண்மையைச் சொன்னாலே என் வீட்டுக்காரர் உள்ளே போய்விடுவார்.

சாத்திய சன்னலைத் திறந்து, மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவர் வீட்டு மாடிப்படி ஏறினேன்.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. அது ராஜா அடிச்ச காசுதான்னு சொல்லிடுங்க."

"நான் இன்னும் ஓரம் பாக்கல, தங்கச்சி."

"பாத்து, கள்ளக் காசா இருந்தா?"

"கள்ளக் காசுன்னு சொல்லுவேன்."

"எம்புள்ள தெருவுல நிக்குமே அண்ணே!"

எனக்கு அழுகை போய் ஆத்திரம் வந்துவிட்டது. "உங்க வீட்டுச் சோத்துல உப்பு போடறாங்களா இல்லியா? கூடப் பொறந்தவன் மாதிரி வளந்த புள்ளையையே உள்ள தள்ளினவருதானே நீங்க!" என்று கத்திவிட்டேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அக்கா நிற்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

அவர் கை விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "வெள்ளை ஒரு பக்கம் மட்டுந்தான். அது எப்படி ஆச்சு?" என்று கேட்டார். ஈயம் பூசிய கதையைச் சொன்னேன். எல்லாரும் கேட்டுச் சிரித்த கதை. அவர் சிரிக்கவில்லை.

"அந்தத் தவலை இருக்கா?"

"இருக்கு."

"தேய்க்காதீங்க. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்."

படி இறங்கும்போது அக்கா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரை நம்பி இருக்காதே. என் தம்பிக்காக நான் அவரு கால்ல விழுந்திருக்கேன்," என்றாள்.

தேய்க்காதே என்று இப்போது சொல்லி என்ன செய்ய? ஈயம் பூசிய நாளிலிருந்து தினமும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்த கை என் கை. தவலைக்குள் எட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது. கவிழ்த்துப் போட்டு, மேலே துணியைப் போட்டு மூடினேன். ஞாயிறு வரும்வரை மண்சட்டியில்தான் பொங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். தவலையைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளை ஈயத்துக்கு நடுவில் வட்டமாக ஒரு திட்டு. அங்கே ஈயமே ஏறவில்லை. பித்தளை மஞ்சளாகத் தெரிந்து, ஓரத்தில் களிம்பு பச்சையாகப் பிடித்திருந்தது. இத்தனை நாளும் அதைப் பார்த்துப் பார்த்து, அரைகுறை வேலை செய்துவிட்டான் என்று ஈயம் பூசியவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நோட்டக்காரர் தன் பையிலிருந்து நல்ல இருபது காசு ஒன்றை எடுத்து அந்தத் திட்டின்மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. நகத்தால் அதைச் சுற்றி ஒருமுறை வருடினார்.

"இதைத் துணி சுத்தி கோர்ட்டுக்குக் கொண்டாங்க."

"காசைப் பாத்தாச்சா அண்ணே? நல்லதா, கெட்டதா?"

"பாத்தாச்சு. கோர்ட்ல சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்ன? வழக்கு நாள் வரைக்கும் நான் உசுரோட இருக்க வேணாமா?"

"கேக்க வேண்டியவங்க கேக்கறப்போ சொல்லணும்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார். அந்தத் தவலையை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது என் பெரிய மனது.

வழக்கு நாளன்று கிள்ளான் கோர்ட்டில் என் கணவரைப் பார்த்தேன். தாடியும் மீசையுமாக, பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நோட்டக்காரர் கூண்டில் ஏறினார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆனால் காசைப் பற்றித் தமிழில்தான் சொல்வேன் என்றார். மொழிபெயர்ப்பவர் பக்கத்தில் நின்றார். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார்.

"இது வார்த்த காசு இல்ல. வார்த்ததுன்னா எழுத்து வழவழன்னு மழுங்கியிருக்கும், அங்கங்க ஊசிக்குத்தாக் குழி இருக்கும். இதுல எழுத்து கூர்மையா நிக்குது. ஓரத்துல வரி வரியாப் பல்லு இருக்கு. ஆழம் கொஞ்சம் கம்மி. ஆனா சுத்தி வர ஒரே சீரா இருக்கு. எடை அரைக் காசோட எடை. அரைக் காசுக்கு வெட்டின செம்புத் தகடு ஒண்ணு தவறிப்போய் இருபது காசு அச்சுக்குள்ள விழுந்திருக்கு. இது தங்கசாலையில பொறந்த குறை. இது ராஜாவோட காசு."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்தார். காசு தங்கசாலையுடையதாகவே இருக்கட்டும், அதை வெள்ளையாக்கி ஏமாற்றப் பார்த்தது இந்தக் கிளார்க்தானே என்று கேட்டார்.

"வெள்ளை, வெளிய வந்தப்பறம் பட்டதுதான். ஆனா அது பாதரசமும் இல்ல, வெள்ளியும் இல்ல. ஈயம். ஏமாத்தறவன் ரெண்டு பக்கமும் பூசுவான், முக்கியமா ஓரத்துல பூசுவான். இதுல மேல்பக்கம் மட்டும் இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தவலையைக் கேட்டார். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மாஜிஸ்திரேட் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, தவலைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அந்தக் காசை அவரே திட்டின்மேல் வைத்தார். வெறும் பாத்திரம் கொடுக்கக்கூடாது என்கிற நம் வழக்கத்தை மொழிபெயர்ப்பவர் அவருக்கு விளக்கிச் சொன்னார். நாங்கள் சொன்னபோது சிரித்த கதைக்கு, நோட்டக்காரர் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. காசு அடித்த குற்றம் இல்லை என்று மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார்.

அங்கேயே முடிந்திருக்கக் கூடாதா? இன்ஸ்பெக்டர் இன்னொரு பையைப் பிரித்துக் கொட்டினார். என் கணவரின் பணப்பையில் இருந்த, பாதரசம் தேய்த்த அரைக் காசுகள்.

"இவை?"

"பட்ட குறை. எல்லாமே."

"டிக்கெட் கிளார்க் ஒருத்தர் தெரியாமல் இவற்றை வாங்கியிருக்க முடியுமா?"

நோட்டக்காரர் முதலில் என் கணவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கை கூப்பினேன். கோர்ட் என்றும் பார்க்காமல், எல்லார் முன்னாலும் கூப்பினேன். முடியும் என்று ஒரு வார்த்தை. எனக்குத் தெரியாது என்றாவது ஒரு வார்த்தை.

"முடியாது," என்றார். "அரைக் காசுக்கு ஓரத்துல பல்லு கிடையாது. நாள் முழுக்கக் காசு எண்ணுறவன் கைக்கு, கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே தெரியும். ஒண்ணு ரெண்டு தவறலாம். இத்தனை தவறாது."

நான் என் கணவரைப் பார்த்தேன். இல்லை என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாசாரிலிருந்து நான் ஏமாந்து வாங்கி வந்த வெள்ளை அரைக் காசையெல்லாம், "கொடு புள்ள, நான் மாத்திக்கறேன்," என்று கை நீட்டி வாங்கிப் போவார். அக்கம்பக்கத்தார் அழுதுகொண்டு வந்து காட்டினாலும் அப்படித்தான் வாங்கிக்கொள்வார். மறுநாள் நல்ல காசு வந்துவிடும். எங்கே மாற்றினார் என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. கடையில் மாற்றுகிறார் என்று இருந்துவிட்டேன். ஸ்டேஷன் பணப்பையில் போட்டுவிட்டு நல்லதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அடுப்பங்கரையில் நான் முகம் வாடி நிற்பதைப் பொறுக்காத மனிதர்.

அபராதம் போட்டு விட்டுவிட்டார்கள். சிறை இல்லை. வேலை போய்விட்டது, குவார்ட்டர்ஸும் போய்விட்டது.

கோர்ட் வாசலில் நோட்டக்காரரை மறித்துக்கொண்டு நின்றேன். என் கணவர், "வேணாம் புள்ள, வா," என்று முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் கேட்கவில்லை.

"காப்பாத்தத் தெரிஞ்ச வாய்க்கு அதோட மூடிக்கத் தெரியாதா? தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

அவர் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். அந்தக் கோட்டு திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றியிருந்தது.

"செம்புல இருபது காசு, தவலையில ஒட்டினது, மழையில ஓடிப்போனவரு. இதெல்லாம் வேற யாராச்சும் சொல்லியிருந்தா அந்தத் துரை நம்பியிருப்பாரா, தங்கச்சி? நான் சொன்னேன், நம்பினாரு. மச்சினன்னுகூடப் பாக்காதவன்னு அவருக்குத் தெரியும்." கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "கடைசியில மட்டும் மாத்திச் சொன்னா, மொதல்ல சொன்னதையும் அடிச்சுட்டு எழுதுவாரு."

நன்றி என்று சொல்ல நாக்கு வரவில்லை, திட்டவும் வரவில்லை. அவர் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போக எங்கள் இருவருக்கும் நோட்டக்காரருக்கும் ஒரே ரயில்தான். அதுவரை எங்களுக்கு ரயில்வே பாஸ் இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக டிக்கெட் வாங்க வரிசையில் நின்றோம். என் கணவர் உட்கார்ந்திருந்த அதே சன்னலுக்குள், அவருக்குக் கீழே வேலை பழகிய பையன் உட்கார்ந்திருந்தான். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டவன். நான் காசை நீட்டினேன். அதை வாங்கிப் பலகையில் தட்டிச் சத்தம் பார்த்தான். கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றித் தடவினான். திருப்பிப் போட்டு மறுபடியும் தட்டினான். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைத் தள்ளினான்.

எங்களுக்கு அடுத்து நோட்டக்காரர் நின்றார். அவர் வைத்த காசை அந்தப் பையன் பார்க்கக்கூட இல்லை. அப்படியே டிராயருக்குள் போட்டுக்கொண்டு, "வாங்க சார்," என்று எழுந்து நின்று டிக்கெட்டைக் கொடுத்தான். என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தவலையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் பிளாட்பாரத்துக்கு நடந்தார்.